கறுப்புவெள்ளை அம்சவேணி

படத்திலிருந்து வெட்டி எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்த அம்சவேணி, மறுநாள் விடிந்து குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு, கோடம்பாக்கத்து ஃபிலிம் லேப் சந்தின் முனையில், வரிசைக்கு முதல் ஆளாக, கையில் குடம் இல்லாமல், மேலில் நிறம் இல்லாமல் வந்து நின்றாள்.

முதலில் பார்த்தது இட்லிக் கடை கன்னியம்மா. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"யார்மே அவ, கொடமே இல்லாம மொத ஆளா நிக்கிறவ? பின்னாடி வா!"

நின்றவள் திரும்பவில்லை. கன்னியம்மா முன்னால் போய் எட்டிப் பார்த்தாள். முகம் சாம்பல், சேலை சாம்பல், நெற்றிப் பொட்டு கறுப்பு. சந்தில் இலைகூட அசையாத புழுக்கம், அவள் முடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. சூரியன் கிழக்கே இருந்தான், அவள் முகத்து வெளிச்சம் மேற்கேயிருந்து விழுந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை.

"அட, நம்ம அம்சு! இன்னாடி இப்படி வெளுத்துப் போய்ட்ட?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், அவளுக்குப் பின்னால் தன் குடத்தை வைத்தாள் கன்னியம்மா. கன்னியம்மா குடத்துக்குப் பின்னால் மற்றவர்கள் வைத்தார்கள்.

அந்த இடம் அப்படி. அனுமார் வாலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற இடம். காலையில் தூக்கில் தொங்கியவன் மத்தியானம் கன்னியம்மா கடையில் கூடக் கொஞ்சம் சட்னி கேட்கிற இடம். சாம்பல் நிறத்தில் ஒருத்தி வந்து நின்றால், அவளுக்குத் தண்ணீர் முறை உண்டா இல்லையா என்பதுதான் அங்கே பேச்சு. குடம் இல்லாதவளுக்கு முறை இல்லை என்றார்கள். ஆனால் முதலில் வந்தவள் முதலில் வந்தவள்தான் என்றும் சொன்னார்கள். ஆகவே அன்றிலிருந்து வரிசை அவளுக்கு அடுத்து ஆரம்பித்தது. குழாயடிச் சண்டையும் பாதியாகக் குறைந்தது, யார் முதல் என்ற கேள்வி தீர்ந்துவிட்டபடியால்.

பிலோமினா மட்டும் குடத்தைக் கீழே போட்டாள். பித்தளைக் குடம். நசுங்கியது. வெட்டியது அவள் கை.

பிலோமினா படம் வெட்டி ஒட்டுகிற எடிட்டர். தூத்துக்குடிக்காரி. ஆண்களும் சிகரெட் புகையுமாக இருந்த தொழிலில் வந்து உட்கார்ந்து, யாரிடமும் நல்ல பேர் வாங்காமல், கை சுத்தம் என்ற ஒரே பேரோடு காலம் தள்ளியவள். யசோதரை என்று ஒருத்தி அவளிடம் வந்தாள். மயிலாப்பூரில் பிறந்து, பூனாவில் சினிமா படித்து, வீட்டார் தலைமுழுகிவிட்ட ஒருத்தி. நாடே வாயைப் பொத்திக்கொண்டு, ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்த எமர்ஜென்சிக் காலத்தில், கதையே இல்லாத ஒரு படம் எடுத்தாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கதாநாயகன் இல்லை. பெண்கள் காமிராவுக்கு நேரே வந்து நிற்பார்கள், தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வார்கள், போவார்கள். கிளாப் கட்டை அடிப்பதைக்கூட வெட்டக் கூடாது என்று யசோதரைக்குப் பிடிவாதம்.

"கட்டையும் தெரியட்டும் பிலோமி. ஒளிச்சு வைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

அந்தப் படத்தில் கடைசியாக நின்றவள் அம்சவேணி. கூவம் கரைக் குப்பத்துக்காரி. கட்டட வேலை கிடைத்தால் சித்தாள், கிடைக்காத நாளில் சினிமாக் கூட்டத்தில் ஒரு தலை. குப்பத்துக்குள் விடியற்காலையில் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போன ஆட்களின் பேரை, கண் இமைக்காமல், காமிராவைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். கையாள் இல்லாததால் அன்று கிளாப் அடித்தது பிலோமினாதான். கட்டையைத் தட்டிவிட்டு அவள் விலகும்போது, அம்சவேணி லேசாகச் சிரித்து, "ஆரமிச்சிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். "பொறுட்டி" என்றாள் பிலோமினா. அதுவும் படத்தில் இருந்தது. முடிவில் அம்சவேணி இன்னொரு பேர் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் காமிராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. அதுவும் இருந்தது.

படம் பிடித்த வாரமே அவளையும் வேன் ஏற்றிக்கொண்டு போனது.

பிலோமினா ஸ்டேஷனுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"அம்சவேணியா? அப்படி யாரையும் நாங்க பிடிக்கல. அப்படி ஒரு பொம்பள இருந்ததுக்கே அத்தாட்சி இல்ல. வீடு எங்க இருந்துச்சு, காட்டு பாப்போம்."

குடிசையை இடித்து மட்டமாக்கி, அங்கே கம்பம் நட்டுப் பலகை வைத்திருந்தார்கள். காட்ட ஒன்றும் இல்லை. படம் ஒன்றுதான் பாக்கி. அதில் அவள் இருந்தாள். படம் வெளியே போனால், யாராவது பார்த்தால், இவள் எங்கே என்று ஒருவன் கேட்டால், அவளை உயிரோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று யசோதரை நம்பினாள். பிலோமினாவும் நம்பினாள். வேறு எதை நம்ப?

தணிக்கை அதிகாரி நல்ல மனுஷர். காபி கொடுத்தார்.

"கடைசிப் பொம்மனாட்டியை எடுத்துடுங்கோ. படம், சத்தம் ரெண்டும்."

"அவ பேரு மட்டும்தான சார் சொல்லுதா?" என்றாள் பிலோமினா.

"அதாம்மா. வேற எதைச் சொல்லியிருந்தாலும் பேசிப் பாக்கலாம்."

வெட்டிய துண்டை அடி அளந்து அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அளப்பார்களே தவிரப் பார்க்க மாட்டார்கள். அம்சவேணி நடுவில் தும்மிக் கெடுத்துவிட்ட இன்னொரு டேக் கிடந்தது. பிலோமினா அதை அளந்து கொடுத்துவிட்டு, நல்லதை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிக்குள் புதைத்தாள். ஒலிநாடாவுக்கு மாற்று இல்லை. அதைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆபீஸ் கொல்லையில் வைத்து அவள் கண்ணெதிரே கொளுத்தினார்கள். அம்சவேணியின் குரல் கறுப்புப் புகையாகப் போய், பக்கத்து முருங்கை மரத்தில் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுக் கலைந்தது.

ஆகவேதான் குழாயடியில் நின்றவளுக்குக் குரல் இல்லை. பிலோமினா ஓடிப்போய் அரிசி டின்னைக் கவிழ்த்தாள். சுருள் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணாடி மாதிரி வெறுமை. ஒரு நிழல்கூட இல்லை.

சந்து அவளைப் பழகிக்கொண்டது. மழை வந்தது, அவள் நனையவில்லை. ஆகவே அவள் காலடியில் சுள்ளிக் கட்டை வைத்தார்கள், காய்ந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் தெளித்துக் கற்பூரம் காட்டினார்கள், கன்னியம்மா வந்து, "அவ சாமி இல்லடி, சித்தாளு. இன்னும் சாவல, அதுக்குள்ள கற்பூரமா?" என்று ஊதி அணைத்தாள். மேக்கப்காரர் ஒருவர் அவள் கன்னத்தில் சிவப்புப் பூசிப் பார்த்தார். பூசியது கீழே உதிர்ந்தது. அவ்வப்போது அவள் மேல் நெடுக ஒரு கோடு விழுந்து ஓடும். ஃபிலிமில் கீறல். அது தன் நகம் பட்டது என்று பிலோமினாவுக்குத் தெரியும். பேர்கள் முடிந்து வாயைத் திறந்த இடத்தில் ஒரு கணம் இருட்டாவாள், மறுபடி சிரிப்பாள், மறுபடி உதட்டை அசைப்பாள். பகலெல்லாம் அப்படி. பிலோமினா ஒவ்வொரு நாளும் அவள் முன்னால் நின்று, "எங்கட்டி இருக்க? எங்கன வச்சிருக்கானுவ?" என்று கேட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும்? இவள் வேனுக்கு முந்தின அம்சவேணி. பிடித்துக்கொண்டு போனதே அறியாதவள்.

பிறகு சம்பூர்ணம் ஒரு நாள் தண்ணீருக்கு வந்தாள்.

சம்பூர்ணம் டப்பிங் பேசுகிறவள். பம்பாய்க்காரிகளும் பெங்களூர்க்காரிகளும் கண்ட பாஷையில் வாயசைத்துவிட்டுப் போக, இருட்டு அறையில் நின்று அந்த உதட்டுக்குள் தமிழை ஊற்றுகிறவள். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். குடத்தை வைத்தாள், அம்சவேணியைப் பார்த்தாள், தன்னையறியாமல் பேசினாள்.

"ஆரமிச்சிக்கலாமாக்கா?"

பிலோமினா அவள் தோளைப் பிடித்தாள்.

"என்ன சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? அவ சொல்றா. உதடு அசைஞ்சா என் வாய் சும்மா இருக்காதுடி, வியாதி மாதிரி" என்ற சம்பூர்ணம் மேலே பேசிக்கொண்டே போனாள், அம்சவேணியின் உதட்டோடு உதடு ஒட்டி, அவளுடைய மெட்ராஸ் இழுப்பும் கரகரப்புமாக. "பொன்னுரங்கம்... எத்திராஜு... ரிச்சா இஸ்மாயிலு... பூக்கார கஜா... கஜா மவன் முனிரத்னம்... எர்ணாவூர் வேதவல்லி..."

குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. குடத்தை எடுக்க ஆள் இல்லை.

சேதி குப்பத்துக்குப் போயிற்று. மறுநாள் எத்திராஜின் பெண்டாட்டி வந்து நின்றாள். தன் புருஷன் பேர் வருகிற வரை தலையைக் குனிந்துகொண்டு நின்று, பேர் வந்ததும் நிமிர்ந்து, "ஆமா, இருந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் ரிக்‌ஷாக்காரன் இஸ்மாயிலின் அத்தா வந்தார். அதற்கடுத்து வரிசை குழாயைத் தாண்டி, சலூனைத் தாண்டி, ரயில்வே கேட் வரை போயிற்று, குடத்தோடு பாதிப் பேர், குடம் இல்லாமல் பாதிப் பேர். சம்பூர்ணம் ரெக்கார்டிங்குக்குப் போன நாளில் கன்னியம்மா சொன்னாள், கன்னியம்மாவுக்குக் கடை இருந்தால் வேறு யாராவது. சந்துக்கே பாடமாகிவிட்டது. மாவு ஆட்டிக்கொண்டே சொன்னார்கள், துணி துவைத்துக்கொண்டே சொன்னார்கள், வேதவல்லி என்று சொல்லும்போது ஓங்கி அடித்தார்கள். ஆனால் கடைசியில் அவள் வாயைத் திறந்து நிற்கிற இடத்தில் எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். அங்கே என்ன பேர் என்று சம்பூர்ணத்துக்கே தெரியவில்லை.

இது நீடிக்குமா? நீடிக்காது. போலீஸ் வந்தது.

துரைக்கண்ணு ஜீப்பை விட்டு இறங்கி, அவளைச் சுற்றி வந்தார்.

"யாரு இது?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றாள் கன்னியம்மா. "இல்லாதவ."

சந்து சிரித்தது. துரைக்கண்ணு சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் ஏகாம்பரத்தைப் பிடித்து இழுக்கச் சொன்னார். ஏகாம்பரம் தொட்டான், ஃபிலிம் மாதிரி வழுக்கியது. லத்தியால் அடிக்கச் சொன்னார். அடித்த இடத்தில், ஓடுகிற படம் குதிப்பது போல அவள் துள்ளி, இரண்டு பேரை விட்டுவிட்டு மூன்றாவது பேரைச் சொன்னாள். கூட்டம் அந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கத்தியது. கடைசியில், மூடித் தொலை என்றார். சலவைக்கடையிலிருந்து பெரிய வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து ஏகாம்பரம் அவள் தலையோடு போர்த்தினான்.

வெள்ளைத் துணியை யாராவது சினிமாக்காரர்கள் தெருவில் விரிப்பார்களா? துணி மேல் அவள் இரண்டு ஆள் உயரத்துக்குப் பளிச்சென்று தெரிந்தாள். இமை முடிகூட எண்ணலாம். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அன்றுதான் சரியாகத் தெரிந்தது. எவனோ விசிலடித்தான். ஏகாம்பரம் தன்னை மறந்து, டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கியவன் மாதிரி, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரிடா நாயே!" என்றார் துரைக்கண்ணு.

அன்று மாலை அவர் தனியாகப் பிலோமினாவின் மாடி அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி வெட்டும் மேசை மேல் வைத்தார். ஜன்னலுக்குக் கீழே மின்சார ரயில் ஒன்று போயிற்று.

"நீ வெட்டினதாலதான் வந்திருக்கா. அளவு மட்டும் பாத்துட்டு விட்டானுங்க முட்டாப் பசங்க. நான் அதைத் தோண்டல. அவளை எடுத்துடு."

"எடுக்கலேன்னா?"

"உனக்கு எது வேணும், நிழலா ஆளா?"

பிலோமினாவின் கையிலிருந்த கத்தரி மேசையில் விழுந்தது.

"அப்பம் ஆளு இருக்காளா?"

"இருக்கான்னு நான் சொன்னேனா? எது வேணும்னுதான் கேட்டேன்." தொப்பியை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு அந்தக் குழாயடி காலியா இருக்கணும். அப்புறம் ஸ்டேஷனுக்கு வா. கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு ரிக்‌ஷாவோட வா, நடக்க முடியாது."

நடக்க முடியாது என்ற ஒரு வார்த்தை போதும். அது பொய்யில் வருகிற வார்த்தை இல்லை என்று பிலோமினா நினைத்தாள். உயிரோடு இருக்கிறாள், கால் வீங்கிக் கிடக்கிறாள், தைலம் வேண்டும், வெந்நீர் வேண்டும், கஞ்சி வேண்டும் என்று மனசு ஓடியது. அழிக்கவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். வெட்டினதால் வந்தாள், ஒட்டினால் போவாள். எடிட்டருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வெறுமையாகக் கிடந்த சுருளை எடுத்து, முனையைச் சுரண்டி, பசை தடவி, படத்தில் எந்த இடத்திலிருந்து வெட்டினாளோ அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

கீழே குழாயடியில் அம்சவேணி "பூக்கார" என்று உதட்டைக் குவித்தவள் "கஜா" என்பதற்குள் இல்லாமல் போனாள். மேசையில் சுருள் கறுத்தது. கட்டம் கட்டமாக அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சந்திலிருந்து ஒரு ஓலம் எழுந்தது. பிறகு மாடிப்படி அதிர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் கன்னியம்மா.

"நீயாடி? நீயா எடுத்த? இன்ஸ்பெக்டர் ஏறி வந்ததப் பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னா குடுத்தான்?"

"அம்சுவத் தாரேன்னான்" என்றாள் பிலோமினா. "நெசமான அம்சுவ."

கன்னியம்மா அவளையே பார்த்தாள்.

"போ, கூட்டியா. வர்லன்னா என் கடைப்பக்கம் வராத."

மறுநாள் ரிக்‌ஷாவோடு போனாள். துரைக்கண்ணு பல் குத்திக்கொண்டிருந்தார். அதே நாற்காலி.

"யாரு வேணும்?"

"அம்சவேணி."

"எந்த அம்சவேணி?"

"சார், நேத்து நீங்கதான..."

"நேத்தா? நான் எங்க வந்தேன்? யாரும்மா நீ? அப்படி ஒருத்தி இருந்ததுக்கு என்ன அத்தாட்சி வச்சிருக்க?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மத்தியானம் வரை நின்றாள். ஒரு சுவரைப் பார்த்துக் கெஞ்சுவது போலக் கெஞ்சினாள், மாதாவைக் கும்பிடுவது போலக் கும்பிட்டாள், பிறகு தூத்துக்குடி மீன்கடையில் கேட்கிற வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஏகாம்பரம்தான் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து விட்டான். வாசல் வேப்பமரத்தடியில், அவளைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பின்னாடி ரூம்ல இருமிக்கினே இருந்திச்சுக்கா. ராவெல்லாம் கேக்கும். முந்தாநேத்து வரிக்கும் கேட்டுச்சு."

"இப்பம்?"

"நேத்து வேன் வந்துச்சு. எங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." பிறகு மெதுவாக, "இருமல் கேக்கல" என்றான்.

ரிக்‌ஷாக்காரர் ஏறச் சொன்னார். ஏறவில்லை. நடந்தே வந்தாள்.

மாடியில் யசோதரை படப்பெட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பிலோமி, முழுசா இருக்கு! ஒரு ஃபிரேம் குறையல. கப்பல்ல ஒருத்தர் போறார், பாரீஸ் வரைக்கும் கொண்டுபோறேங்கறார். அங்க போட்டுட்டா போதும். உலகமே பார்க்கும்."

"எப்பம் பாக்கும்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம்..."

"அதுக்குள்ள அவ எலும்பும் மிஞ்சாது." பிலோமினா சுருளை மேசை மேல் இழுத்துப் போட்டாள். கத்தரியை எடுத்தாள். "ஒரு வெட்டுக்கு ஒருத்தி வந்தா. எத்தன கட்டம் இருக்கு இதுல?"

யசோதரைக்குப் புரிந்தது. சுருளின் மேல் விழுந்து மறைத்தாள்.

"வேண்டாம்டி! இது ஒண்ணுதான் இருக்கு. இதைத் துண்டு போட்டா படமே இல்ல. ஒட்டவே முடியாது. என்கிட்ட வேற எதுவும் இல்ல பிலோமி, வீடு இல்ல, மனுஷா இல்ல, இதான் இருக்கு!"

"தெரியும்."

"அவ திரும்பி வருவாளா இதனால?"

பிலோமினா பொய் சொல்லவில்லை.

"தெரியாதுட்டி. ஒட்டினேன், கொன்னுட்டேன். எனக்கு மிச்சம் தெரிஞ்சது வெட்டுறது ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு யசோதரை எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுருளின் மறுமுனையைக் கையில் எடுத்து, துணிக்காரன் முழம் பிடிப்பது போல இழுத்துப் பிடித்துக்கொடுத்தாள்.

பிலோமினா வெட்டினாள். பொன்னுரங்கத்தின் முதல் எழுத்தில் ஒரு வெட்டு, அந்த எழுத்து முடியும் முன் இன்னொரு வெட்டு, கட்டத்துக்கு ஒரு வெட்டு, ஒரு கட்டம் விடாமல் வெட்டிக்கொண்டே போனாள், விரல் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, கத்தரிப்பிடியில் ரத்தம் பிசுபிசுக்க, எத்திராஜையும் இஸ்மாயிலையும் கஜாவையும் கஜாவின் மகனையும் வேதவல்லியையும் நறுக்கி, அவள் வாய் திறந்து நின்ற கடைசிக் கட்டத்தையும் நறுக்கித் தரையில் போட்டாள். விழுந்த துண்டெல்லாம் விழும்போதே வெளுத்துக் கண்ணாடியாயின. ஆரம்பத்துத் துண்டை மட்டும், கிளாப் கட்டையிலிருந்து அந்தச் சிரிப்பு வரை, நறுக்கக் கை வரவில்லை. அதை முழுசாகவே பிரித்து வைத்தாள்.

விடிந்தபோது கோடம்பாக்கம் ரயில் ஸ்டேஷன் முனையிலிருந்து மாம்பலம் தாண்டி, சைதாப்பேட்டை தாண்டி, தண்டவாளத்து ஓரமாக, ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி, தோளோடு தோள் உரச, கறுப்புவெள்ளை அம்சவேணிகள் நின்றார்கள். ஒற்றைக் கட்டம் அசையாது. ஒவ்வொருத்தியும் சிலையாக நின்றாள், வாய் மட்டும் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு நூல் வித்தியாசமாக.

சந்துப் பெண்கள் குடத்தோடு வந்து பார்த்தார்கள். கன்னியம்மா ஒருத்தியின் முகத்தருகே போனாள்.

"இத்தினி பேரு வந்து நின்னுக்கினு, ஒருத்தியாச்சும் பேசறாளா பாரு. ஏண்டி அம்சு, வாயத் தொறயேண்டி!"

சம்பூர்ணம் முன்னால் வந்தாள். முதலாமவளைப் பார்த்தாள், நாலடி நடந்தாள், பத்தடி ஓடினாள், நின்றாள். அவள் உதடு துடித்தது.

"நின்னு பாத்தா பேச மாட்டா. ஓடணும்டி. நம்ம ஓடினா அவ பேசுவா." தாம்பரம் வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்ற சத்தம் கேட்டது. "ஏறுங்கடி எல்லாரும்!"

குடங்களைத் தண்டவாளத்து ஓரமே போட்டுவிட்டு ஓடினார்கள்.

பிலோமினா ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்தாள். யசோதரையை முதல் வெளிச்சத்திலேயே பின்பக்கப் படி வழியாக அனுப்பிவிட்டாள். தெருவில் ஜீப் நின்றது. கீழ்ப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, நிறைய. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அது தாழ்ப்பாளே இல்லை, ஒரு ஆணியும் கயிறும்.

அறைக்குள் அவள் தனியாக இல்லை. நறுக்காமல் பிரித்து வைத்த துண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. முடி பறந்தது. மேற்கு வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. வேன் வருவதற்கு முந்தின அம்சவேணி, அவளைப் பார்த்து லேசாகச் சிரித்து, உதட்டை அசைத்தாள். ஒரு கணம் இருண்டாள். மறுபடி சிரித்தாள், மறுபடி கேட்டாள். குழாயடியில் நின்ற அத்தனை நாளும் கேட்டதுதான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கதவை உதைத்தார்கள். கயிறு இழுபட்டது.

"தொறடி!" என்றது துரைக்கண்ணுவின் குரல்.

அம்சவேணி கேட்டாள்.

"ஆரம்பிட்டி" என்றாள் பிலோமினா.

ஜன்னலுக்குக் கீழே வண்டி நகர்ந்தது. மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, ஆபீஸ் போகிறவர்களும் ஆஸ்பத்திரி போகிறவர்களும் பேப்பரை மடித்துவிட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்க்க, ஓரத்தில் நின்ற சிலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே அம்சவேணியாக, அவள் தலை நிமிர்ந்து, கண் இமைக்காமல், ஜன்னல் ஜன்னலாக எல்லோரையும் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். எதிரே வந்த வண்டியில் இருந்தவர்களுக்கு அவள் பேர்களையெல்லாம் திரும்ப வாய்க்குள் விழுங்குவது போலத் தெரிந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து முதலில் சம்பூர்ணத்தின் குரல் வந்தது, பிறகு கன்னியம்மா, பிறகு எத்திராஜின் பெண்டாட்டி, பிறகு யார் யாரோ. பொன்னுரங்கம். எத்திராஜு. ரிச்சா இஸ்மாயிலு. பூக்கார கஜா. கதவு பிளந்து, தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதும் பிலோமினா காதை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். வண்டி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வேதவல்லி முடிந்தது. அதற்கப்புறம் வந்த பேர்களும் முடிந்தன. அவள் வாயைத் திறந்து நிற்கிற இடம் வந்தது. எப்போதும் நிறுத்திக்கொள்கிற இடம்.

அவர்கள் நிறுத்தவில்லை. வண்டி முழுக்கச் சேர்ந்து, இன்னொரு பேரைச் சொன்னது.

"அம்சவேணி."